அவளுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டினேன்

ஐம்பத்தாறாம் வருடம் புரட்டாசி மாதம் என் மனைவி செல்லத்தாய்க்கு முறைக்காய்ச்சல் கண்டது. அப்போது அவளுக்கு ஐந்து மாதம். அதற்கு முன் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. இரண்டு முறையும் காய்ச்சல்தான் காரணம். ஆகவே மூன்றாம் முறையும் அவள் குளிருகிறது என்று சொன்னபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. மறுபடியுமா என்று தோன்றியது. கல் நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள், களைத்துப்போன மனிதனுக்குத் துக்கப்படவும் தெம்பு வேண்டும்.

முருகனை நம்பி வாழும் அன்பர்களாகிய நீங்கள் இதைப் படிக்கிறீர்கள். அவர் எனக்கு எப்படி உதவினார் என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் உதவி வந்தபோது அது உதவி என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும் அல்லவா?

எங்கள் குடும்பத்துக்குப் போடிக்குக் கிழக்கே கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. அண்ணன் தம்பி நான்கு பேருக்கு அது காணாது. நான் கடைக்குட்டி, மலையேறிவிட்டேன். குரங்கணிக்கு மேலே மூன்று மணி நேரம் நடந்தால் வரும் ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் வேலை கிடைத்தது. பறித்து வரும் பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். அதன் அடுப்பைப் பார்ப்பது என் பொறுப்பு. காயைப் பரப்பிவிட்டால் ராப்பகலாக ஒரே சூட்டில் எரிய வேண்டும். சூடு இறங்கினால் காய் பச்சை நிறம் போய் வெளுத்துவிடும். வெளுத்த காயை வியாபாரி கையால் தள்ளிவிடுவான். அதனால் பறிப்புக் காலத்தில் நான் ஓர் இரவும் தோட்டத்தை விட்டு வெளியே தங்கியதில்லை. கீழே போனால் பொழுது சாய்வதற்குள் மேலே வந்துவிட வேண்டும். என் புத்தி அந்த அடுப்பைச் சுற்றியே பழகியிருந்தது.

செல்லத்தாய்க்கு வந்த காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வருகிற நாளில் பொழுது விடிந்ததும் குளிர் ஏறும். இருக்கிற கம்பளியையெல்லாம் போர்த்தினாலும் கட்டில் ஆடும். பிறகு உடம்பு கொதிக்கும். உச்சிப்பொழுதுக்குள் வேர்த்துக் கொட்டி இறங்கிவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து அரிசி களைவாள். முகம் மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மஞ்சளாகிக்கொண்டே போனது. நிலவேம்புக் கஷாயம் கொடுத்தேன். போடியில் மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டினேன். எதற்கும் காய்ச்சல் கேட்கவில்லை.

குரங்கணியில் அப்போதுதான் ஒரு சின்ன ஆஸ்பத்திரி திறந்திருந்தார்கள். ஓட்டுக் கட்டடத்தில் இரண்டு அறை, முன்னால் தகரம் போட்ட ஒரு கொட்டகை, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மட்டும் போடியிலிருந்து ஜீப்பில் டாக்டர் வருவார். மற்ற நாட்களில் வேலம்மா என்ற ஆயா புண்ணுக்குக் கட்டுப் போடுவார், பிரசவம் என்றால் கூப்பிட்ட வீட்டுக்குப் போவார். மலையில் இருக்கிற எங்களுக்கு அதுவே பெரிய காரியம். அதற்கு முன் காய்ச்சல் என்றால் போடி வரை இறங்க வேண்டும், இல்லாவிட்டால் படுத்துக் கிடக்க வேண்டும்.

முதல் செவ்வாய்க்கிழமை காய்ச்சல் விட்ட நாள். நல்லதாகப் போயிற்று என்று அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சோப்பைத் தடவிக்கொண்டு, வழுக்கும் இடங்களில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டாக்டர் திருச்சிப் பக்கத்துக்காரர், இளவயது. கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லையேம்மா."

"இன்னைக்கு இல்லங்கய்யா. நேத்து இருந்துச்சு. நாளைக்கு வரும்" என்றாள் செல்லத்தாய்.

"நாளைக்கு நான் போடியில இருப்பேனே" என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவர் முன்னால் இன்னும் அறுபது எழுபது பேர் நின்றிருந்தார்கள். சத்து மருந்து கொடுத்து அனுப்பினார். அடுத்த செவ்வாய் காய்ச்சல் நாள், எழுந்திருக்கவே முடியவில்லை. அதற்கடுத்த செவ்வாய் மறுபடியும் விட்ட நாள். மறுபடியும் இறங்கினோம், மறுபடியும் காய்ச்சல் இல்லை. இந்த முறை டாக்டர் விரலைக் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டு போனார். அதில் ஒன்றும் தெரியவில்லை என்று பிறகு சேதி வந்தது. இந்தக் காய்ச்சலில் மண்ணீரல் வீங்கி, வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கட்டியாகத் தெரியுமாம். பிள்ளை இருப்பதால் அதுவும் கைக்குப் படவில்லை.

நான்காவது செவ்வாய், காய்ச்சல் நாள். எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. கம்பில் கம்பளியைக் கட்டி டோலியாக்கி, மூன்று பேரைக் கெஞ்சிச் சேர்த்துக்கொண்டு, குளிர் ஏறத் தொடங்கும்போதே அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். மழை விடவில்லை. பாதையில் ஓரிடத்தில் மண் சரிந்து கிடந்தது, சுற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. உடம்பு வேர்த்து இறங்கிவிட்டது. சேலை நனைந்திருந்தது வேர்வையிலா மழையிலா என்று யார் கண்டார்கள்? தெர்மாமீட்டர் ஒன்றுமில்லை என்றது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நாங்க பொய்யா சொல்றோம்?" என்று கேட்டுவிட்டேன்.

டாக்டர் என்னை ஒருமுறை பார்த்தார். அவருக்கும் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா குளிர் ஏதேதோ காரணத்தால வரும். முறைக்காய்ச்சலுக்கு உண்டான மாத்திரை சூடானது. வயித்துல பிள்ளை இருக்கு. சரியாத் தெரியாம அதைக் கொடுத்துப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க என்னை மன்னிப்பீங்களா? நடுக்கம் வர்றப்ப நான் பார்க்கணும். அப்ப ரத்தம் எடுக்கணும்."

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவன் என்ன பதில் சொல்வான்? திரும்பி ஏறும்போது டோலியைத் தூக்கியவர்கள் என்னோடு பேசவில்லை. அவர்களுடைய ஒருநாள் வேலை என்னால் போயிற்று.

ஐந்தாவது செவ்வாய் விட்ட நாள். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்திருந்தது. இறங்குவதில் என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவளுக்குக் கால் வீங்கியிருந்தது, பிள்ளை முன்போல அசையவில்லை என்றாள். மாடசாமி அண்ணனிடம் அடுப்பை ஒப்படைத்தேன். அவர் என்னோடு ஸ்டோரில் விறகு தள்ளுகிறவர்.

"பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவியா? எனக்கு ராத்திரி கண்ணு தாங்காது" என்றார்.

"வெரசா வந்துர்றேண்ணே" என்றேன்.

தோட்டத்து எல்லையில் பாதை இறங்கும் இடத்தில் ஒரு மரத்தடியில் வேல் நட்டிருக்கும். போக வர ஒரு கும்பிடு போடுவது வழக்கம். அன்று நின்றேன். எனக்கு முறையாகப் பிரார்த்தனை செய்யத் தெரியாது. மனதில் இருந்ததைக் கேட்டேன். முருகா, இவளுக்குக் காய்ச்சல் வரட்டும், அந்த டாக்டர் கண் முன்னால் வரட்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை. வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"என்னத்த வேண்டிக்கிட்டீக?" என்றாள்.

"ஒனக்குக் காய்ச்ச வரணும்னு."

அவள் அந்தக் காலில் நின்றுகொண்டு சிரித்தாள். "பொண்டாட்டிக்குக் காய்ச்ச வரணும்னு வேண்டுன மொத ஆளு நீங்கதான்" என்றாள். அவள் சிரித்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

கொட்டகையில் பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தோம். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒரு மணிக்கு வேலம்மா வந்து சொன்னார்.

"ஆத்துல தண்ணி எறங்கலயாம். ஜீப்பு அக்கரையில நிக்குதாம். இன்னைக்கு டாக்டரு வரமாட்டாரு தம்பி."

அன்பர்களே, அந்த நேரத்தில் நான் முருகனிடம் என்ன பேசினேன் என்பதை முழுதும் எழுத முடியாது. நான் கேட்டது பொன்னோ பொருளோ இல்லை, ஒரு காய்ச்சல். மலையில் கேட்காதவர்களுக்கெல்லாம் கொடுக்கிறாயே, கேட்டவனுக்கு இல்லையா? சரி, அதுதான் இல்லை, டாக்டரையும் ஏன் நிறுத்தினாய்? இனிமேல் உன் வேலின் முன்னால் நின்று கும்பிட்டால் என்னை என்னவென்று கேள். இதுதான் என் பக்தி இருந்த நிலை.

எழுந்து, "வா, போவோம்" என்றேன். அடுப்பு ஞாபகம். இப்போது கிளம்பினால்தான் பொழுதுக்குள் ஏற முடியும்.

அவள் எழுந்திருக்கவில்லை. "என்னால ஏற முடியாதுங்க. நீங்க போங்க" என்றாள். கல்யாணமாகி ஏழு வருடத்தில் முடியாது என்று அவள் சொன்னது அன்றுதான்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்திருப்பேனோ என்னவோ. வேலம்மா குறுக்கே வந்துவிட்டார். "புள்ளத்தாச்சிய இந்த மழையில மலையேத்தப் போறியா? எங்க வீட்டுல படுக்கட்டும். ஆறு எறங்குச்சுன்னா நாளைக்குக் காலைல டாக்டரு வந்தாலும் வருவாரு" என்றார்.

அந்த அம்மாளுக்கும் எங்களுக்கும் உறவு கிடையாது. ஒரு சின்ன வீடு, அதில் அவரும் அவர் தங்கையும். ஒரு பாயை எங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் வெறுந்தரையில் படுத்தார்கள். அரிசிக் கஞ்சி கொடுத்தார். நான் அங்கே உட்கார்ந்துகொண்டு மலையில் இருக்கிற அடுப்பை நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

புதன்கிழமை விடிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்று காய்ச்சல் நாள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். டாக்டர் வந்தாலும் வருவார்.

இத்தனை வாரமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வரும் வாரத்தில் முந்தின நாளே இறங்கி வந்து ஓர் இரவு தங்கினால் போதும். எவ்வளவு எளிய காரியம்! மலையில் யாருக்குமே தோன்றவில்லை. காய்ச்சல் அடித்தால் படுத்துக்கொள்வோம், விட்டால் நடந்து வருவோம், டாக்டர் முன்னால் குளிர்ந்த உடம்போடு நிற்போம், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். களைப்பு அறிவை மழுக்கிவிடுகிறது. ஆறு பெருகி, அவளும் முடியாது என்று உட்கார்ந்த பிறகுதான் நான் அங்கே தங்கினேன். என்னை வேறு எப்படி நிறுத்தியிருக்க முடியும்?

ஆனால் பாருங்கள், அன்று குளிர் வரவில்லை. விடியும்போது வர வேண்டியது ஏழு மணிக்கும் வரவில்லை, எட்டு மணிக்கும் வரவில்லை. மழை நின்று வெயில்கூட எட்டிப் பார்த்தது. அவள் தலையைச் சீவிக்கொண்டு கொட்டகையில் வந்து உட்கார்ந்தாள். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன். மனைவிக்கு உடம்பு சுடவில்லையே என்று தவித்த பாவி நான்தான்.

ஒன்பது மணி சுமாருக்கு ஜீப் சத்தம் கேட்டது. டாக்டர் முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு இறங்கினார். அவரே முன்வந்து, "நேத்தே வந்தீங்களா? பாவம், ராத்திரி எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தெர்மாமீட்டரை உதறினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காய்ச்சல் இல்லையேம்மா என்ற அந்தப் பேச்சை இன்னொரு தடவை கேட்க எனக்குச் சக்தி இல்லை.

அப்போது பெஞ்சு ஆடுகிற சத்தம் கேட்டது.

திரும்பினேன். அவள் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பல் கிடுகிடுவென்று அடித்தது. "வந்துருச்சுங்க" என்றாள் என்னைப் பார்த்து. அந்த நடுக்கத்திலும் அவள் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. நான் அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டேன். முருகா, முருகா என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார். குளிர் நின்று கொதி ஏறும் வரை நாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். தெர்மாமீட்டர் நூற்றுநாலு காட்டியது. பிறகு அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"மலையிலிருந்து வர்றவங்க எல்லாருமே காய்ச்சல் விட்ட நாள்லதான் வர்றீங்களா?"

"விட்டாத்தானய்யா நடக்க முடியும்" என்றேன்.

அவர் வேலம்மாவைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். அப்புறம் தாமே மாத்திரையை எடுத்துக் கொடுத்து, மற்ற நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் அவளையும் என்னையும் ஜீப்பில் ஏற்றிப் போடிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார். ரத்தத்தில் மலேரியாப் பூச்சி இருப்பதாக மறுநாள் தெரிந்தது. அங்கே இருந்த நாட்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மற்றதையும் மறைக்கக் கூடாது. மாடசாமி அண்ணன் அந்தச் செவ்வாய்க்கிழமை நள்ளிரவு வரை சமாளித்துவிட்டு அசந்து தூங்கிவிட்டார். காய் வெளுத்துவிட்டது. என்னை ஸ்டோரிலிருந்து எடுத்துக் களை வெட்டப் போட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மாடசாமி அண்ணன் என்னோடு தைப்பொங்கல் வரை பேசவில்லை.

தை மாதம் கடைசியில் பிள்ளை பிறந்தது. பெண். வேலம்மாதான் தம் வீட்டில் வைத்துப் பிரசவம் பார்த்தார். பூனைக்குட்டி அளவுதான் இருந்தது, ஆனால் அழுத அழுகையில் கொட்டகைக்கே கேட்டது என்று சொல்வார்கள். வள்ளி என்று பெயர் வைத்தோம். இன்றைக்கு அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டாக்டர் அந்த ஐப்பசி மாதமே கொட்டகைக்குச் சுற்றிலும் தட்டி அடைத்து, எட்டுப் பாய் வாங்கிப் போட்டார். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வர வேண்டியவர்கள் திங்கட்கிழமையே இறங்கி வந்து தங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகச் சொல்லியனுப்பினார். சொன்னால் மட்டும் வருவார்களா? கூட்டி வர ஆள் வேண்டும். எனக்குத்தான் இனி அடுப்பு இல்லையே. அந்தப் பருவம் முழுவதும், அதற்கடுத்த இரண்டு வருடமும், திங்கட்கிழமை களைவெட்டு முடிந்ததும் ஐந்து பேர், ஆறு பேர் என்று கூட்டிக்கொண்டு இறங்கினேன். நடக்க முடியாதவர்களைத் தூக்கினேன். அன்று செல்லத்தாயை டோலியில் தூக்கியவர்களில் இருவர் பிறகு என்னோடு வந்தார்கள். அதைப் பெரிய சேவை என்று சொல்லிக்கொள்ளவில்லை. முழங்கால் வலித்தது, அலுத்துக்கொண்டேதான் செய்தேன். முருகன் என்னிடம் வாங்க நினைத்தது அதைத்தான் என்று இப்போது தெரிகிறது.

உங்களில் யாராவது ஒரு காரியத்தைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருக்கலாம். கதவு சாத்தியாயிற்று, ஆறு பெருகிவிட்டது, வர வேண்டியவர் வரவில்லை என்று இருக்கலாம். நான் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவரைத் திட்டினாலும் பரவாயில்லை, கோபித்துக்கொண்டு போய்விடாதீர்கள். அங்கேயே கொஞ்சம் உட்காருங்கள். பாய் கொடுக்கிறவர்கள் கொடுத்தால் வாங்கிப் படுத்துக்கொள்ளுங்கள். நான் திட்டியதை அவர் கணக்கில் வைக்கவில்லை. உங்களுக்கும் வைக்கமாட்டார்.

போடி ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை குளிர் லேசாக வந்து போனது. அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமையே நான் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் நான்கு கம்பளி இரவல் வாங்கி வைத்துவிட்டேன். விடிவதற்கு முன்பே எழுந்து அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன். அவளும் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். வெளிச்சம் வந்தது. ஜன்னல் வழியாக வெயில் கட்டிலில் விழுந்தது. ஏழு அடித்தது, எட்டு அடித்தது, ஒன்பதும் அடித்தது. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடவில்லை.

"இந்தக் கம்பளிய எடுங்க, புழுங்குது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குதுங்க" என்றாள்.

இட்லி வாங்கத் தெருவுக்கு வந்தேன். கடை வாசலில் நின்று அழுதேன். கடைக்காரர் எத்தனை வேண்டும் என்று மூன்று தடவை கேட்டார். நான்கு என்றேன். பிறகு ஆறு என்றேன்.